பூட்டிய கதவும் பூட்டாத பேனாவும்



குறை எழுதுகிறவரை அரங்கத்துக்குள் விடாமல் தடுப்பது உரிமையா, பயமா? இதுதான் தலைப்பு. ‘என் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு நான்தானே முடிவு பண்ணணும்’ என்று எதிரணித் தலைவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நியாயம்தான். ஆனால் கல்யாண வீட்டில் யாரும் வந்தவர்களுக்குச் சேலை விற்பதில்லையே! (சிரிப்பு) ஃபேஷன் ஷோ அப்படியா? அங்கே நடந்து காட்டுவதெல்லாம் நாளைக்குக் கடைக்கு வருகிற சரக்கு. சரக்கு என்று வந்துவிட்டால் தரம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம். பத்திரிகைக்காரர்களை வருந்தி வருந்தி அழைத்த காலம் ஒன்று உண்டு. 1940-ல் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் பிடியில் விழுந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் பாரிஸ் உடைகளைப் பற்றி எழுத வழியில்லாமல் போனது. அந்த நேரம் பார்த்து எலினார் லாம்பர்ட் என்ற அம்மையார் 1943-ல் நியூயார்க்கில் ஒரு விழா எடுத்தார். அதற்கு வைத்த பெயரே ‘பிரஸ் வீக்’, பத்திரிகை வாரம். இன்றைக்கு உலகமே பார்க்கிற நியூயார்க் ஃபேஷன் வீக்குக்கு அதுதான் விதை. விதை போட்டதே பேனா பிடித்தவர்களுக்காகத்தான். மரம் வளர்ந்ததும் அவர்களையே நிழலுக்கு வராதே என்றால் எப்படி?

‘பாலன்சியாகா கதவைச் சாத்தவில்லையா?’ என்று எதிரணியில் கேட்பார்கள். சாத்தினார். பாரிசில் 1950-களின் பிற்பகுதியில் அவரும் ஜிவான்ஷியும் பத்திரிகைக்காரர்களை மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்க மறுத்தார்கள். வாங்க வருகிற வியாபாரிகள் பார்த்துப் பல வாரம் ஆன பிறகுதான் பத்திரிகைக்குக் காட்டினார்கள். 1967-ல்தான் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? படம் வெளியானால் அடுத்த வாரமே காப்பியடித்துவிடுகிறார்கள் என்ற கவலை. அது திருட்டுக்குப் போட்ட பூட்டு. எல்லாருக்கும் சேர்த்துச் சாத்தினால் அது பாதுகாப்பு. ஒருத்தருக்கு மட்டும் சாத்தினால் அதற்குப் பெயர் பழிவாங்கல்.

விமர்சகர் சொல்வதெல்லாம் வேதமா? இல்லவே இல்லை. 1954 பிப்ரவரியில், எழுபது வயதில், கோகோ ஷனேல் மறுபடியும் கடை திறந்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. பழைய பாணி என்றன. அந்த அம்மா அடுத்த தொகுப்பைத் தைத்தார், அதற்கடுத்ததையும் தைத்தார். அமெரிக்கா அந்த உடையைக் கொண்டாடியது. பழி சொன்னவருக்கு ஊசியால் பதில் சொன்னார் பாருங்க, அவர் கலைஞர்!

இனி நம் காலத்துக்கு வருவோம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் கேத்தி ஹோரின் என்றொரு விமர்சகர் இருந்தார். தயவு தாட்சண்யம் பார்க்காத பேனா. 2008-ல் ஜார்ஜியோ அர்மானி தம் ஷோவுக்கு வர வேண்டாமென்று அவரை விலக்கினார். 2012 அக்டோபரில் எடி ஸ்லிமான் சாங் லோரான் நிறுவனத்துக்காகப் பாரிசில் முதல் ஷோ நடத்தினார். ஹோரினுக்கு அழைப்பு இல்லை. காரணம்? ஸ்லிமானுடைய ஒல்லி வெட்டுக் கோட்டுக்கு வழிபோட்டவர் ராஃப் சைமன்ஸ் என்ற பொருளில் 2004-ல் அவர் எழுதியது. எட்டு வருஷம்! ஒரு வாக்கியத்தை எட்டு வருஷம் மனசுக்குள்ள மடிச்சு வச்சிருக்கார். பட்டுச் சேலையைக்கூட நாம அப்பப்ப மடிப்பு மாத்தி வைக்கிறோமே! (கைதட்டல்)

அந்த அம்மா என்ன செய்தார்? இன்டர்நெட்டில் படங்களைப் பார்த்தே விமர்சனம் எழுதினார். ஸ்லிமான் ட்விட்டரில் காட்டமாகப் பதில் போட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. ‘ஆனால் வியாபாரம் பெருகியதே’ என்பீர்கள். ஆமாம், அவர் 2016-ல் விலகுவதற்குள் அந்த நிறுவனத்தின் விற்பனை பெரிதாக ஏறியது. நான் கேட்பது இதுதான்: குறை எழுதியும் கடைக்கு நஷ்டமில்லை என்றால் அந்தப் பூட்டு எதற்கு? கல்லாப் பெட்டிக்காகவா, கர்வத்துக்காகவா?

சட்டம் உங்கள் பக்கம், ஒப்புக்கொள்கிறேன். உடைக்கு முன்பே இந்த வழக்கு நாடகத்துக்கு வந்துவிட்டது. 1915-ல், அதே நியூயார்க் டைம்ஸின் நாடக விமர்சகர் அலெக்சாண்டர் உல்காட்டைத் தங்கள் கொட்டகைகளுக்குள் விட மறுத்தார்கள் ஷூபர்ட் சகோதரர்கள். பத்திரிகை என்ன செய்தது? ஷூபர்ட் விளம்பரங்களை வாங்க மாட்டேன் என்றது. வழக்கும் போட்டது. 1916-ல் மேல் நீதிமன்றம் ஷூபர்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது: இனம், மதம், நிறம் பார்த்துத் தடுக்கத்தான் கூடாது, விமர்சகரைத் தடுக்கலாம். ஆனாலும் உல்காட் புகழ் ஏறியது. கடைசியில் ஷூபர்ட்காரர்களே இறங்கி வந்து கதவைத் திறந்தார்கள்.

இங்கேதான் என் கவலை இருக்கிறது, நடுவர் அவர்களே. உல்காட்டுக்கும் ஹோரினுக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பத்திரிகை நின்றது. அது இல்லாதவர் கதி? ஃபேஷன் பத்திரிகைக்குச் சோறு போடுவது விளம்பரம். விளம்பரம் தருவது யார்? அதே துணிக் கம்பெனிகள்! வெளியே நிற்கிற ஒருத்தருக்காக நான் அழவில்லை. அவரைப் பார்த்துவிட்டு உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பேனாவை மூடிக்கொள்கிறாரே, அதற்காகத்தான் பயப்படுகிறேன். மறுநாள் அவர் எழுதுவது விமர்சனமாக இருக்காது. வாழ்த்து மடலாகத்தான் இருக்கும். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு கோட்டு வாங்குகிற பெண், அந்த வாழ்த்து மடலை நம்பித்தான் வாங்குகிறாள்.

இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் கெட்டுப்போக எதிரியே வேண்டாம் என்று வள்ளுவர் எச்சரித்தார். அரசனுக்கே அந்த நிலை என்றால் அரசனுக்குச் சட்டை தைப்பவருக்கு? (கைதட்டல்) அழைப்பிதழை நிறுத்தலாம், நாற்காலியை எடுக்கலாம், அபிப்பிராயத்தை எடுக்க முடியாது. ஆகவே, கதவைப் பூட்டுவது உரிமையின் உடுப்பை மாட்டிக்கொண்டு வருகிற பயமே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.