சென்னையில் மதிய விருந்துக்கு இடம் தேடிய கதை

வேலை விஷயமாக ஒருவரை மதியம் சாப்பிட அழைத்துப் போகும் வழக்கம் சென்னையில் வெள்ளைக்காரர்களின் கிளப்புகளில்தான் முதலில் வேரூன்றியது. 1832இல் ஏற்பட்ட மெட்ராஸ் கிளப்பில் கம்பெனி முதலாளிகளும் அரசு அதிகாரிகளும் கூடி உண்டார்கள். இந்தியர் அங்கே உறுப்பினராக முடியாது. சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்கார 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் தோன்றியது. கிளப்பை விட்டால் மவுண்ட் ரோடு. அங்கே கோர்சிகாக்காரரான ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸின் ஹோட்டலுக்குப் பெரிய பெயர் இருந்தது. கன்னிமாரா ஹோட்டலும் அதே வட்டாரத்துக்கு உரியது.

இந்த இடங்களுக்கு வெளியே, ஊரில் பெரும்பாலோருக்கு நண்பகல் ஒரு சாப்பாட்டு வேளையாகவே இல்லை. ஆபீஸ் குமாஸ்தா காலை ஒன்பதரைக்குள் வீட்டில் குழம்பு, ரசம், மோர் என்று முடித்துக்கொண்டு டிராம் ஏறினார். பிற்பகலில் டிபனும் காப்பியும் போதும். எனவே ஜார்ஜ் டவுன் வியாபாரிகளுக்கும் தரகர்களுக்கும் பேரம் பேச வாய்த்தது காப்பி கிளப் எனப்பட்ட சிற்றுண்டிக் கடையே தவிர இலைச் சாப்பாடு அல்ல.

இடம் தேர்வதில் ருசியை விடப் பெரிய கேள்வி, கூட வருபவரை உள்ளே விடுவார்களா என்பது. பல ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. சிலவற்றில் மற்றவர்களுக்கு எடுப்புச் சாப்பாடு மட்டுமே கிடைத்தது. ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த இருவர் சாப்பிட மட்டும் பிரிய வேண்டியிருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலும் இதே பிரிவினைதான். சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததால் 1941இல் அது அங்கே ஒழிந்தது. பெயர்ப் பலகைகள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1957இல் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நடந்து, நூற்றுக்கணக்கானோர் கைதான பிறகே வென்றது.

இதற்கிடையே உடுப்பிக்காரர்கள் ஊரின் சாப்பாட்டுப் பழக்கத்தையே மாற்றியிருந்தார்கள். சமையற்கட்டு எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் ஒரு பழைய ஜமீன் மாளிகையை எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலாக்கினார். 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் வந்தது. தங்கும் அறை, கல்யாணக் கூடம், சுத்த சைவம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்ததால், வெளியூர் வியாபாரியை உபசரிக்கவும் சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போகவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களோடு வருபவர்களுக்குப் பல ஹோட்டல்கள் திரை போட்ட ஃபேமிலி ரூம் வைத்தன. அசைவம் விரும்பிய விருந்தாளிக்கு மவுண்ட் ரோடில் 1951இல் தொடங்கிய புகாரி இருந்தது. அங்கிருந்துதான் சிக்கன் 65 புறப்பட்டது என்பார்கள்.

ஆனால் இலைச் சாப்பாட்டுக்கும் வேலைப் பேச்சுக்கும் ஒத்து வராது. சாம்பாரிலிருந்து ரசத்துக்குப் போவதற்குள் பரிமாறுபவர் நான்கு தடவை வந்து நிற்பார். கூட்ட நேரத்தில் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னாலேயே காத்திருப்பார். கையெழுத்துப் போடக் கையும் சுத்தமாக இராது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபின் மேலைநாட்டு பாணியில் கோப்பையோடு நீளும் மதிய விருந்துக்கும் வழியில்லை. 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறந்தபோது அது இவ்வளவு வேகமாகப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம்; உள்ளே ஒரு காப்பியோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள், சினிமாக்காரர்கள், பத்திரிகையாளர்கள் பலருக்கு அது வாடகை இல்லாத ஆபீஸ். சென்னையின் வியாபாரச் சந்திப்பு வரலாற்றில் எந்த நட்சத்திர ஹோட்டலையும் விட இந்த டிரைவ்-இன்னுக்கே கூடுதல் இடம் தர வேண்டும். நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதால் 2008இல் அது மூடப்பட்டது. அங்கே இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

நட்சத்திர ஹோட்டல்கள் 1970களில் வந்தன: 1974இல் தாஜ் கோரமண்டல், அடுத்த ஆண்டு ஐ.டி.சி.யின் முதல் ஹோட்டலான சோழா. அங்கே விருந்து என்றால் வெகுகாலம் மேல்நாட்டுச் சமையலும் வடஇந்தியச் சமையலும்தான். தென்னிந்தியச் சாப்பாட்டையே நட்சத்திர விருந்தாக்கிய 'தக்ஷிண்' 1989இல் பார்க் ஷெரட்டனில் திறந்தது. நடுத்தர ஹோட்டல்கள் ஏ.சி. ஹாலை ஏற்படுத்தி, அதே சாப்பாட்டுக்குக் கூடுதல் விலை வைத்தன. அந்த அதிகப் பணம் குளிருக்கு மட்டுமல்ல, கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடும் உரிமைக்கும் சேர்த்துத்தான். அவசரக்காரர்களுக்குத் தட்டில் கிண்ணங்களோடு மினி மீல்ஸ் வந்தது. ஐ.டி. கம்பெனிகள் பெருகியபின் பஃபே பரவியது. ஆளுக்கு இன்ன தொகை என்பதால் அழைத்தவருக்குக் கணக்கு முன்பே தெரியும். சைவரும் அசைவரும் ஒரே மேசையில் உட்காரலாம். ஆனாலும் யார் என்ன சாப்பிடுவார் என்று தெரியாத முதல் சந்திப்புக்குச் சென்னைக்காரர் பலர் இன்றும் சொல்வது ஒரு சைவ ஹோட்டலின் பெயரைத்தான்.