வைக்கோல் நாய்களும் கத்தரிக்கோலும்

நம் வயதுக்காரர்கள் சிலருக்கு 'ஸ்ட்ரா டாக்ஸ்' படம் நினைவிருக்கலாம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'லே ஷியான் த பாய்'. இரண்டுக்கும் ஒரே பொருள்: வைக்கோல் நாய்கள். பெயர் சீன ஞானி லாவோ ட்சுவின் நூலிலிருந்து வந்தது. பண்டைச் சீனத்தில் சடங்குக்காக வைக்கோலில் நாய் செய்வார்கள். சடங்கு முடிந்ததும் எறிந்துவிடுவார்கள்.

1971-இல் சாம் பெக்கின்பா இயக்கிய படம். டஸ்டின் ஹாஃப்மன் அமெரிக்கக் கணித அறிஞர். சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவர். மனைவி ஏமியின் ஊரான கார்ன்வால் கிராமத்துக்குக் குடிவருகிறார். கூரை வேலைக்கு வந்த உள்ளூர் ஆட்கள் அவரை ஏளனம் செய்கிறார்கள். அவர்களில் இருவர் ஏமியைப் பலாத்காரம் செய்கிறார்கள். பிறகு, இவர் அடைக்கலம் கொடுத்த மனவளர்ச்சி குன்றிய ஒருவனைப் பிடிக்கக் கும்பல் வீட்டை முற்றுகையிடுகிறது. சாது மிரண்டால் காடு கொள்ளாது அல்லவா? ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள்.

மனைவிக்காகப் பழிவாங்கிய கதை என்று பலர் சொல்வார்கள். அப்படியல்ல. ஏமிக்கு நேர்ந்தது கணவருக்குக் கடைசிவரை தெரியாது. அவள் சொல்லவே இல்லை. அவர் காத்தது தன் வீட்டை. 'இப்போதுதான் ஆண்பிள்ளை ஆனார்' என்று கைதட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பிரிட்டனில் படம் வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு வெளியானது. 13 விமர்சகர்கள் டைம்ஸ் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். வீடியோவுக்கோ 2002 வரை அங்கே சான்றிதழ் கிடைக்கவில்லை. 1999-இல் கேட்டபோதும் மறுத்தார்கள்.

காரணம்தான் முக்கியம். அமெரிக்கத் திரையரங்குகளுக்காக அந்தப் பலாத்காரக் காட்சியைக் குறைத்திருந்தார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் இரண்டாவது ஆள் வரும் பகுதி. அதில்தான் ஏமியின் வேதனை சந்தேகமில்லாமல் தெரியும். அது போனபின் எஞ்சிய காட்சி, அவள் விரும்பி இணங்கியது போன்ற எண்ணத்தைத் தந்தது. ஆபாசத்தைக் குறைக்கப் போய், பெண்ணின் மேலேயே பழி விழுந்தது. 2002-இல் முழுப் படத்தையும் வெட்டில்லாமல் அனுமதித்தார்கள்.

கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு இது புதிதல்ல. புகார் மனுவில் ஒரு தாளை உருவிவிட்டால், புகார் கொடுத்தவரே குற்றவாளியாகத் தெரிவார். முழுப் படத்தைப் பற்றியும் வாதம் இன்றும் ஓயவில்லை. முதல் ஆள் வரும் பகுதியை என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த வாதத்தை முழுப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்யவேண்டும்.