எஃப்.ஏ. முதல் பிளஸ் டூ வரை: உயர்நிலைப் பள்ளிக்குள் கல்லூரி வகுப்பு

1978இல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து பி.யு.சி. எனும் புகுமுக வகுப்பு எடுக்கப்பட்டு, மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ தொடங்கியது. கல்லூரிப் பாடம் பள்ளி மாணவனுக்கு வந்து சேர்ந்த ஆண்டாக அதைக் கொள்வது வழக்கம். கொல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு (1917–19), அதாவது சாட்லர் குழு, காட்டிய வழியில் பார்த்தால் இது அறுபதாண்டு தாமதமாக நிறைவேறிய பரிந்துரை என்றே தோன்றும். சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு பொருந்தவில்லை என்பது என் வாதம்.

சாட்லர் குழுவின் நிலைப்பாட்டை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தரான மைக்கேல் சாட்லர் தலைமையில், அசுதோஷ் முகர்ஜியும் உறுப்பினராக இருந்த அக்குழு, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு மெட்ரிகுலேஷனில் விழக்கூடாது, அதற்குப் பிந்திய இரண்டாண்டு இண்டர்மீடியட்டின் முடிவில்தான் விழ வேண்டும் என்றது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைப் பெருங்கூட்டமாக உட்காரவைத்து விரிவுரை நடத்துவது வீண். அவர்களுக்கு வேண்டியது பள்ளி முறைக் கற்பித்தல். ஆகவே இண்டர்மீடியட் கல்லூரிகளைத் தனியாகவோ, தேர்ந்தெடுத்த உயர்நிலைப் பள்ளிகளோடு இணைத்தோ நடத்தலாம். தேர்வைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுத்துவிடலாம். பட்டப்படிப்பு மூன்றாண்டு ஆகலாம். 1921இல் ஐக்கிய மாகாணம் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தது. டாக்காவில் புதிய பல்கலைக்கழகமே இண்டர்மீடியட் இல்லாமல் தொடங்கியது. எந்தப் பல்கலைக்கழகத்தை ஆராய அந்தக் குழு அமைந்ததோ, அந்தக் கொல்கத்தாவோ அசையவில்லை.

கற்பித்தல் பற்றிய அவதானிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு அடியில் கிடக்கும் வரலாற்று அனுமானம்தான் சிக்கல். பள்ளிக்குரிய வேலை எப்படியோ வழிதவறிக் கல்லூரிக்குள் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த அனுமானம். சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. இங்கே பள்ளிதான் கல்லூரி வகுப்பைத் தன் தலைமேல் கட்டிக்கொண்டது. மாநிலக் கல்லூரியே 1840இல் தொடங்கிய ஆயத்தப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்தில் 1854இல் தோன்றிய மாகாணப் பள்ளி 1867இல் கல்லூரி ஆயிற்று. மெட்ரிகுலேஷனுக்குப் பின் இரண்டாண்டு எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்; பின்னாளில் இண்டர்மீடியட்) வகுப்பு மட்டும் நடத்தும் நிறுவனங்களுக்கு இரண்டாந்தரக் கல்லூரி என்று பெயர். திருநெல்வேலி இந்துக் கல்லூரி 1878இலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியின் முன்னோடியான பசுமலைக் கல்லூரி 1881இலும் இப்படித்தான் எழுந்தன.

இங்கே பலருக்கும் தெரிந்த, ஆனால் இந்தக் கோணத்தில் பயன்படுத்தப்படாத சான்று ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். பாரதியின் வாழ்க்கை வரலாறுகள் அவர் 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரியில் படித்தார் என்கின்றன; அதே மூச்சில் ஐந்தாம் பாரம் வரை படித்தார் என்றும் சொல்கின்றன. ஐந்தாம் பாரம் உயர்நிலைப் பள்ளி வகுப்பு. சில நூல்கள் ‘கல்லூரிப் பள்ளி’ என்று பிரித்து எழுதுகின்றன. சில அப்படியே ‘கல்லூரி’ என்று விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாட்டை எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படித் தள்ளமாட்டேன். ஐந்தாம் பாரத்துப் பையனும் எஃப்.ஏ. மாணவனும் ஒரே நிர்வாகத்தின்கீழ், ஒரே நிறுவனப் பெயரில் படித்ததால்தான் இரண்டு வழக்கும் பிழைத்து நிற்கின்றன. ஆசிரியர்களும் இரு பக்கமும் பாடம் நடத்தியிருப்பார்கள் என்பது என் துணிபு. அதற்கு நேரடிச் சான்றாகக் கால அட்டவணை எதையும் காட்டமுடியாது என்பதால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆயினும் எஃப்.ஏ. மட்டத்துக்கும் பள்ளி மட்டத்துக்கும் தனித்தனி ஆசிரியர் குழுவை வைத்துக்கொள்ளும் வசதி மாவட்டத் தலைநகரின் சிறு கல்லூரிக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

இந்த ஏற்பாட்டைக் குலைக்க முயன்றது பல்கலைக்கழகச் சீர்திருத்தமே. 1902இல் ராலே தலைமையிலான இந்தியப் பல்கலைக்கழகக் குழு, இரண்டாந்தரக் கல்லூரிகள் பட்டவகுப்பு நடத்தும் முதல்தரக் கல்லூரிகளாக உயரட்டும், இல்லையேல் உயர்நிலைப் பள்ளியாகத் திரும்பட்டும் என்றது. குருதாஸ் பானர்ஜி மாறுபட்ட குறிப்பு எழுதினார். அரசு பரிந்துரையை முழுதாக ஏற்கவில்லை என்றாலும் 1904ஆம் ஆண்டுச் சட்டம் இணைப்பு விதிகளை இறுக்கியது. ஆக, 1902இல் களையச் சொன்ன ஒன்றைப் பதினேழு ஆண்டு கழித்து சாட்லர் குழு, வேறு வாரியத்தின்கீழ், புதிய யோசனையாக முன்வைத்தது. இந்த முரணைச் சுட்டாமல் சாட்லரைத் தொடக்கப்புள்ளி ஆக்குவது வரலாறு ஆகாது.

எஃப்.ஏ. எப்போது இண்டர்மீடியட்டாக மாறியது என்பதில் ஓர் ஆண்டைக் குறித்துவிட நான் தயங்குகிறேன். கணிதமேதை ராமானுஜன் 1907 டிசம்பரில் எஃப்.ஏ. எழுதித் தோற்றார்; எனவே அதுவரை பழைய தேர்வு உயிரோடு இருந்தது. விதி மாறிய ஆண்டும் முதல் தேர்வு நடந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், அடுத்த சில ஆண்டுகள் என்பதற்குமேல் நெருக்கவில்லை.

பிற்பகுதி பலரும் எழுதியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான குழு (1952–53) இண்டர்மீடியட்டை ஒழிக்கச் சொன்னது, ஓராண்டு பி.யு.சி. வந்தது. கோத்தாரி குழு (1964–66) அதையும் பள்ளிக்கு மாற்றச் சொன்னது. கணக்கு மட்டும் கவனிக்கத்தக்கது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் முடிந்தது. அதற்குமேல் ஓராண்டு பி.யு.சி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பிளஸ் ஒன் பழைய பள்ளி இறுதியாண்டின் இடத்திலும், பிளஸ் டூ பி.யு.சி.யின் இடத்திலும் அமர்ந்தன. சாட்லர் கேட்ட இரண்டாண்டு இண்டர்மீடியட் கல்லூரி இதில் எங்கே? 1978இல் உண்மையாகவே கைமாறியது தேர்வு நடத்தும் அதிகாரம்: பல்கலைக்கழகத்திடமிருந்து அரசுத் தேர்வுத்துறைக்கு. ஆந்திரத்தில் அதே பருவம் இன்றும் ஜூனியர் கல்லூரி இண்டர்மீடியட். கர்நாடகத்தில் இன்றும் பி.யு.சி.

நெல்லை, பசுமலை போன்ற இடங்களின் பழைய நிறுவனங்களில் 1910க்கு முந்திய ஆசிரியர் பட்டியலோ கால அட்டவணையோ கைவசம் வைத்திருப்பவர்கள் அவற்றை அச்சிட்டு வெளியிட வேண்டும். என் ஊகம் நிற்குமா விழுமா என்பது அந்தத் தாள்களைப் பொறுத்தது.