வைரஸ் நோய்களில் ஆண், பெண் வேறுபாடு

ஒரே வைரஸ் ஆணையும் பெண்ணையும் ஒரே அளவில் வாட்டுவதில்லை. யாருக்குத் தொற்றுகிறது என்பதைவிட, தொற்றிய பின் யாருக்கு முற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு அதிகம். பல வைரஸ் நோய்களில் ஆண்களுக்கே ஆபத்து கூடுதல். கர்ப்பகாலம் அந்தக் கணக்கைப் புரட்டிப்போடும்.

இதைத் துல்லியமாகக் காட்டியது பெரியம்மை. சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் 1960களில் சேர்ந்த 6,942 நோயாளிகளை டாக்டர் ஏ. ஆர். ராவ் ஆராய்ந்து, 1972இல் நூலாக வெளியிட்டார். அம்மை குத்திக்கொள்ளாதவர்களில் 35.8 விழுக்காட்டினர் இறந்தனர், குத்திக்கொண்டவர்களில் 6.3. இந்த நோயின் கொடிய வடிவம் இரத்தக்கசிவு வகை. முத்துகள் எழும்பும் முன்பே தோலுக்கடியிலும் கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் இரத்தம் கசிந்தது, பிழைத்தவர் அரிது. மற்றவர்களுக்கு எப்போதாவது வந்த இந்த வகை கர்ப்பிணிகளைப் பன்மடங்கு தாக்கியது. முன்பு அம்மை குத்தியிருந்தும் பலர் தப்பவில்லை. குரங்குகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தால் பெரியம்மை கடுமையாவதையும் ராவ் குழுவினர் சோதித்துக் காட்டினர். கர்ப்பத்தில் இயல்பாகவே கூடும் அதே வகை ஹார்மோன்களே காரணம் என்ற விளக்கம் இங்கிருந்து பிறந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதில் அனுபவ அறிவு இருக்கத்தான் செய்கிறது.

மஞ்சள்காமாலையும் அப்படியே. யமுனை நீர் மாசுபட்டதால் 1955–56இல் தில்லியில் பரவிய காமாலையிலும், 1978இல் காஷ்மீரில் பரவியதிலும் கர்ப்பிணிகள் அதிகம் மடிந்தனர். இந்தக் காமாலையை உண்டாக்கிய, பிற்பாடு ஹெபடைடிஸ் ஈ எனப் பெயர் பெற்ற வைரஸ், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கல்லீரலைச் செயலிழக்கச் செய்வதுண்டு. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் நோயல்ல இது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கூடுதல் காப்பு எக்ஸ் குரோமோசோமிலிருந்து கிடைக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 மரபணு அதில்தான் உள்ளது. பெண்ணின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அடங்கிக் கிடந்தாலும், சில நோயெதிர்ப்பு அணுக்களில் இந்த மரபணு அடங்குவதில்லை. அதனால் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் கூடுதலாகச் சுரக்கிறது. இதற்கு விலையும் உண்டு: உடலே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் பெண்களுக்கே அதிகம்.

கோவிட் காலத்தில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வும் ஆண்களிடையே இறப்பு விகிதம் அதிகம் என்றே கண்டது.