வீட்டைச் சூடாக்கிய கரியும் அதைப் பொறுக்கிய பையன்களும்



வெப்பச்சலனம் நடத்தும்போது மெழுகுவர்த்திக்கு மேலே காகிதச் சுருளைத் தொங்கவிட்டுச் சுழலவைப்பேனே, நினைவிருக்கிறதா? சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். அந்த ஒரு பாடத்தை நம்பியே அமெரிக்காவின் வடகிழக்கில் ஏராளமான குடும்பங்கள் பனிக்காலத்தைக் கழித்தன.

எரிபொருள், பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரி. கல்லைப் போல் கெட்டியானது, லேசில் பற்றாது. வில்க்ஸ்-பாரி ஊரில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல், 1808 பிப்ரவரி 11 அன்று அதை இரும்புக் கம்பித் தட்டில் வைத்து எரித்துக் காட்டினார். கம்பிகளின் இடைவெளி வழியாகக் கீழிருந்து காற்று ஏற வேண்டும், சூட்சுமம் அதுதான். பற்றிக்கொண்டால் புகை மிகக் குறைவு. இரவு முழுவதும் கனன்று கொண்டிருக்கும்.

பிறகு வார்ப்பிரும்பு அடுப்புகள் பரவின. கீழே கூடத்தில் அடுப்பு இருக்கும். அதற்கு நேர்மேலே, மாடித் தரையில் கம்பி வலை போட்ட ஒரு திறப்பு. சூடான காற்று அதன் வழியாகப் படுக்கையறைக்கு ஏறும். ஆறிய காற்று மாடிப்படி வழியாக இறங்கி மறுபடி அடுப்புக்கு வரும். வசதியானவர்கள் நிலவறையில் பெரிய உலை வைத்து, பருத்த தகரக் குழாய்களால் அறைகளுக்குச் சூட்டை அனுப்பினார்கள். அந்த உலைக்கு மக்கள் வைத்த பெயர் ஆக்டோபஸ்! மின்சாரமும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். ஆனால் அடுப்பருகே வேகும், மூலையில் நடுங்கும். தினமும் சாம்பல் அள்ள வேண்டும். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

1902 மே மாதம் ஆந்த்ரசைட் சுரங்கத் தொழிலாளர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் நெருங்க நெருங்க நகரங்கள் பதறின. கடைசியில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். அக்டோபரில் வேலை தொடங்கியது. பின்னர் கூலி 10 சதவீதம் கூடியது.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. வீட்டு அடுப்புக்குக் கரி சுத்தமாக இருக்க வேண்டும். உடைத்த கரி சரிவில் உருண்டு வரும்போது அதிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிந்தவர்கள் சிறுவர்கள். பலகையில் குனிந்து உட்கார்ந்து, நாளுக்குப் பத்து மணி நேரம், கையுறைகூட இல்லாமல். 12 வயதுக்குக் கீழ் கூடாது என்று 1885இலேயே சட்டம் வந்தது. பெற்றோரே வயதைக் கூட்டிச் சொல்லி அனுப்பினார்கள். வறுமை, வேறென்ன?

1911 ஜனவரியில் பிட்ஸ்டன் ஊருக்குப் போய் இந்தப் பிள்ளைகளைப் படமெடுத்தவர் லூயிஸ் ஹைன். அவரும் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அந்தப் படத்தை நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். முகமெல்லாம் கரி. வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், என் வகுப்பில் நீங்கள் உட்கார்ந்திருந்த அதே வயதில்.