யாரும் கவனிக்காத துப்பறிவாளர்

துப்பறியும் கதைகளை நான் வாசிக்கத் தொடங்கியது முனைவர் பட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை அவை ஆண்களின் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கியிருந்தேன். அந்த எண்ணம் முழுத் தவறும் அல்ல. 1920களில் ‘பிளாக் மாஸ்க்’ போன்ற அமெரிக்க மலிவு இதழ்களில் வளர்ந்த ‘ஹார்ட்பாயில்டு’ கதைகளின் நாயகன் தனியன், மனம் இறுகியவன், நகரத்தின் இருட்டில் பயமின்றி நடப்பவன். டாஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1930), ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) இரண்டிலும் முக்கியமான கொலையைச் செய்தவள் ஒரு அழகி. அவள் பார்க்கப்படுபவள், பார்ப்பவன் அவன்.

இந்தப் பார்வையைப் பெண்கள் கைப்பற்ற அரை நூற்றாண்டு ஆனது. 1977இல் மார்சியா முல்லர், ஷேரன் மெக்கோன் என்ற துப்பறிவாளரைப் படைத்தார். 1982இல் சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோனும், சாரா பாரெட்ஸ்கியின் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கியும் வந்தார்கள். இவர்கள் ஆண் வேடம் கட்டியவர்கள் அல்லர். சிகாகோவில் அலையும் வார்ஷாவ்ஸ்கி, குற்றத்தின் வேரை ஒரு அழகியிடம் தேடவில்லை. காப்பீட்டு நிறுவனத்திலும் தொழிற்சங்கத் தலைமையிலும் தேடினார்.

எழுதினால் மட்டும் போதவில்லை. பெண்களின் குற்றப் புதினங்களுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரைகள் குறைவாகவே வந்தன. 1986இல் பாரெட்ஸ்கியும் தோழிகளும் ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்ற அமைப்பைத் தொடங்கி, அந்த மதிப்புரைகளை எண்ணிக் கணக்குக் காட்டினார்கள்.

ஆனாலும் வார்ஷாவ்ஸ்கியிடம் உரிமமும் துப்பாக்கியும் சட்டப் படிப்பும் இருந்தன. இவை எதுவும் இல்லாத ஒருத்தி 1992இல் வந்தாள். பார்பரா நீலியின் பிளான்ச் வைட், கறுப்பினத்தைச் சேர்ந்த வீட்டுப் பணியாளர். செல்லாத காசோலை வழக்கில் 30 நாள் சிறைத்தண்டனை கிடைக்க, நீதிமன்றத்திலிருந்து தப்பி ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். சமையல்காரியை அங்கே யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவள் எதிரிலேயே எல்லாம் பேசுகிறார்கள். அந்த அலட்சியமே அவளுக்குத் துப்புக் கொடுக்கிறது. அவளைப் போன்ற பணிப்பெண்களிடையே செய்தி பரவும் வேகம் காவல்துறைக்கும் கிடையாது.

புத்தகத்தை மூடியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவின் முன்னால் சம்பளம், சண்டை, அடகு வைத்த நகை என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். அவர் காதில் விழும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் சொல்லத் தொடங்கினால், அந்தக் கதையில் நான் யாராக இருப்பேன்?