புயலும் சாலையும் அளந்த சிறகுகள்

1898 பிப்ரவரி 1. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பிராவிடன்ஸ் நகரில் பனியும் மழையுமாகக் கடும் புயல். விறைத்து விழுந்து கிடந்த சிட்டுக்குருவிகளைப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்தார்கள். மொத்தம் 136. அவற்றில் 72 பிழைத்துக்கொண்டன; 64 மடிந்தன.

இயற்கைத் தேர்வை முன்வைத்த டார்வினின் நூல் வெளிவந்து அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். காட்டில், வெளியில் திரியும் பறவைகளிடம் அது நடப்பதை அளவுகோல் வைத்துப் பார்த்தவர்கள் அபூர்வம். விலங்கியல் பேராசிரியர் ஹெர்மன் பம்பஸ் அதைச் செய்தார். பிழைத்தவை, மடிந்தவை என்று பிரித்து, ஒவ்வொரு குருவியின் எடை, உடல் நீளம், விரித்த சிறகின் அகலம், சிறகெலும்பு, காலெலும்பு, மண்டையோடு எல்லாவற்றையும் அளந்தார். அளவில் சராசரியை விட்டு மிகவும் விலகிய குருவிகளையே புயல் அதிகம் பலிகொண்டது என்பது அவர் கண்ட முடிவு.

முடிவைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். ஒரு எண்ணைக்கூட ஒளிக்காமல், 136 குருவிகளின் அளவுகளையும் 1899-இல் அச்சிட்டார். பின்னால் வந்தவர்கள் அதே பட்டியலை எடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். பெண் குருவிகளில் நடுத்தர உடலுக்கும், ஆண் குருவிகளில் பெரிய உடலுக்கும் ஆதாயம் இருந்தது என்று 1970-களில் திருத்தம் வந்தது. கொடுத்த தரவைக் கொண்டே தன் முடிவைப் பிறர் திருத்த வழிவிட்ட அந்த நேர்மையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் புயல் ஒரே நாளில் முடிந்த கதை. சிறகு தலைமுறை தலைமுறையாக மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால், அதே இடத்தில் பல்லாண்டுகள் காத்திருக்க ஆள் வேண்டும்.

பறவை ஆய்வாளர்களான சார்ல்ஸ் பிரவுனும் மேரி பாம்பர்கர் பிரவுனும் 1982-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் ஆராய்ந்தது பாறைத் தகைவிலான். ஈர மண்ணை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து, சுரைக்குடுக்கை வடிவத்தில் கூடு கட்டும் பறவை. முன்பு செங்குத்தான மலைப்பாறைகளில் கட்டியது, பாலங்களும் கல்வெர்ட்டுகளும் வந்த பிறகு அவற்றின் அடியில் கூட்டம் கூட்டமாகக் குடியேறிவிட்டது. கூடு சாலையை ஒட்டி. தகைவிலான்கள் சாலையிலேயே உட்காரவும் செய்யும். வண்டி வந்தால் சட்டென்று எழும்ப வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அதே சாலைகளில் போய்வந்த இருவரும், அடிபட்டுக் கிடந்த ஒவ்வொரு பறவைக்காகவும் வண்டியை நிறுத்தினார்கள். கெடாமல் இருந்தவற்றை எடுத்துப் பதப்படுத்தி வைத்தார்கள். எதை நிரூபிக்கப் போகிறோம் என்று தெரியாமலே சேர்த்த சேமிப்பு அது. 1980-களின் நடுவில் ஒரு பருவத்துக்கு 20 வரை கிடைத்த சடலங்கள், அடுத்த 30 ஆண்டுகளுக்குள் நாலைந்துக்கும் கீழே போய்விட்டன. வண்டிகள் குறைந்துவிடவில்லை. தகைவிலான்களும் குறையவில்லை, பெருகியிருந்தன.

அளந்து பார்த்தபோது விடை சிறகில் இருந்தது. அடிபட்டுச் செத்தவற்றின் சிறகுகள் நீளமானவை. உயிரோடிருந்த கூட்டத்தின் சராசரிச் சிறகு நீளமோ ஆண்டுகள் செல்லச் செல்ல, மொத்தத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நீண்ட சிறகு நெடுந்தூரம் நேராகப் பறக்கத் தோது. தரையிலிருந்து விருட்டென்று மேலெழும்பவும், பக்கவாட்டில் சட்டென்று திரும்பவும் குட்டைச் சிறகே கைகொடுக்கும். 2013-இல் இந்த ஆய்வு வெளியானது.

சாலை மட்டும்தான் காரணமா என்ற கேள்வி நியாயமானது. 1996 மே மாத இறுதியில் அந்தப் பகுதியில் சில நாள் கடுங்குளிர். பூச்சிகள் பறக்கவில்லை, இரையில்லாமல் தகைவிலான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. அப்போதும் பிழைத்தவை, உடல் பெருத்து, சிறகு சற்றே குறுகிய பறவைகள்தாம். ஆகவே சராசரி குறைந்ததற்குக் குளிருக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பிரவுன் தம்பதியர் இன்னோர் ஒப்பீடும் வைத்திருந்தார்கள். ஆய்வுக்காகக் கட்டிய வலையில் தற்செயலாகச் சிக்கிச் செத்த பறவைகளையும் அவர்கள் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். அவை கூட்டத்தின் பொதுவான அளவைக் காட்டும். அதே இடத்தில், அதே காலத்தில், வலையில் செத்தவற்றைவிடச் சாலையில் செத்தவற்றுக்கே சிறகு நீளம். குளிர் இந்த வேறுபாட்டை விளக்காது. வண்டிச் சக்கரம் விளக்கும்.